ஏதென்ஸில் நான்கு மாலை: குடிக்காத, சைவச் சாப்பாட்டுக்காரர்கள் எங்கே போவது?

தேனிக்காரி | மே 18, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மூன்றாவது வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏதென்ஸ் போகிறேன். வியாழன் மதியம் இறங்கி, திங்கள் காலை கிளம்புகிறோம். ஆக, கையில் நான்கு மாலை. பகலைப் பற்றிக் கவலை இல்லை. அக்ரோபோலிஸுக்குக் காலை எட்டு மணி சீட்டு வாங்கியாயிற்று. மாலைதான் குழப்பம். எங்கே தேடினாலும் மொட்டைமாடி பார், காக்டெய்ல், விடிய விடிய ஆட்டம் என்றுதான் வருகிறது.

நாங்கள் இருவரும் குடிப்பதில்லை. அம்மாவுக்கு 64 வயது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. வலது முழங்கால் வலி, ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஊரில் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குத் தூக்கம்.

நான் போட்டு வைத்திருப்பது: 6 மணி சூரிய அஸ்தமனம், 7 மணி சாப்பாடு, 8 மணிக்கு ஒரு நடை, 9 மணிக்கு அறை. இதில் எந்த எந்த இடத்தைப் போடலாம்?

கப்பக்காரன் | மே 18, இரவு 9:40

ஆறு மணிக்கு அஸ்தமனமா? தங்கச்சி, அது நம்ம ஊர்க் கணக்கு. ஜூன் மூன்றாவது வாரம் ஏதென்ஸில் சூரியன் இறங்க 8:50 ஆகும். ஆறு மணிக்கு அம்மாவை வெளியே கூட்டிப் போனால் மண்டை காய்ந்துபோகும். ஏழு மணிக்குச் சாப்பிடப் போனால் கடையில் நீங்கள் இரண்டு பேரும் மேஜை துடைக்கிற பையனும்தான் இருப்பீர்கள்.

நான் தூத்துக்குடி. கிரேக்க முதலாளிகளின் கப்பலில் பதினோரு வருஷம் எஞ்சின் ரூம். சரக்குச் சுமக்கும் கொள்ளளவுக் கணக்கில் உலகத்திலேயே பெரிய வணிகக் கப்பல் கூட்டம் கிரேக்கர்களுடையதுதான், அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகம் ஏதாவது ஒரு சாக்கில் வாய்த்துவிடும். ஒரு தடவை பிரேயஸ் பக்கத்துப் பெராமா ரிப்பேர் யார்டில் கப்பல் இரண்டு மாதம் கிடந்தது. வேலை முடிந்து குளித்துவிட்டு ஏழு மணிக்கு ஊருக்குள் போவோம். தெரு காலியாக இருக்கும். என்னடா செத்த ஊர் என்று திட்டிக்கொண்டே ஒன்பது மணிக்குத் திரும்புவோம். மூன்றாவது வாரம்தான் எங்கள் ஃபோர்மேன், வயதான கிரேக்கர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்கள் திரும்புகிற நேரத்தில்தான் நாங்கள் சட்டை மாற்றிக்கொண்டிருப்போம்."

அட்டவணையை அப்படியே மூன்று மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அப்புறம் இடத்தைப் பேசலாம்.

வலசை | மே 18, இரவு 10:25

கப்பக்காரன் அண்ணா சொன்னதுதான். ஆறு வருடமாக இங்கே குடியிருக்கிறேன், அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்: மதியம் தூங்கினால்தான் இந்த ஊரில் மாலை உண்டு. கோடையில் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்தரை வரை சத்தம் போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. எதிர்வீட்டில் டிரில் போட்டால் போலீஸைக் கூப்பிடலாம். ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும். அம்மா மதியச் சாப்பாடு முடிந்து குட்டித் தூக்கம் போடுபவர் என்றால் பாதி வேலை முடிந்தது.

முதல் நாள் எங்கேயும் ஏறாதீர்கள். அக்ரோபோலிஸ் குன்றைச் சுற்றி தியோனிசியூ அரயோபாகிது என்று ஒரு தெரு ஓடுகிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அகலமான கல் பாவிய நடைபாதை, கார் வராது. 2004 ஒலிம்பிக்கை ஒட்டி இந்தப் பழைய இடங்களையெல்லாம் ஒரே நடைபாதையாக இணைத்தார்கள். அருங்காட்சியகம் பக்கம் தொடங்கி, மெதுவான ஏற்றம், அப்புறம் திசியோ என்ற பகுதி வரை இறக்கம். வழியெல்லாம் உட்காரத் திண்டு. எட்டரைக்கு ஆரம்பியுங்கள். வயலின் வாசிப்பவர், சோளம் சுடுபவர், தாத்தா பாட்டி, சைக்கிள் பழகும் குழந்தை என்று ஊரே அந்தத் தெருவில் உலாத்தும். இதற்கு இங்கே 'வோல்தா' என்று பெயர். காலாற நடந்துவிட்டு வருவது. மேலே பார்த்தீனன் கோயிலுக்கு விளக்குப் போடுவார்கள். 2020இல் அந்த விளக்குகளைப் புதிதாக மாற்றினார்கள், முன்பு ஒரேயடியாக மஞ்சளாக இருக்கும், இப்போது ஒவ்வொரு தூணும் தனியாகத் தெரிகிறது.

அந்த நேரத்தில் எல்லோரும் மேற்கே திரும்பி சூரியனைப் படம் பிடிப்பார்கள். நீங்கள் கிழக்கே பாருங்கள். ஹிமெட்டஸ் மலை முதலில் ரோஜா நிறமாகி, பிறகு கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். ஐந்து நிமிடம்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் பிண்டார் என்ற கவிஞர் இந்த ஊரை ஊதாப்பூ முடி சூடியது என்று பாடியிருக்கிறார். அவர் இந்த மலையைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள்.

முரட்டுப்பயணி | மே 18, இரவு 11:03

எல்லோரும் ஒரே புகழ்ச்சியாக இருக்கிறது. நான் போன செப்டம்பரில் மூன்று நாள் இருந்தேன். சுவர் முழுக்கக் கிறுக்கல், நடைபாதையில் மோட்டார் சைக்கிள், ஓமோனியா சதுக்கம் பக்கம் இரவில் நடக்கவே மனசு வரவில்லை. கடற்கரைத் தலைநகரம் என்கிறார்கள், ஊர் நடுவே சின்டாக்மா சதுக்கத்தில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. பீச் வேண்டுமானால் பார்சிலோனா போகலாம்.

இன்னொன்று, தனியாகப் போகிற ஆண்களுக்கு எச்சரிக்கை. சின்டாக்மா அருகே ஒருவர் வந்து வழி கேட்டார். பேச்சுக் கொடுத்தார், "இந்தியாவா, என் அண்ணன் லண்டனில் இந்தியர்களோடு வேலை பார்க்கிறான்" என்றார். நல்ல மனிதர், ஒரு பீர் குடிக்கலாம் என்று பக்கத்துச் சந்தில் ஒரு பாருக்குக் கூட்டிப் போனார். உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் இரண்டு பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கேட்காமலேயே அவர்கள் முன் கிளாஸ் வந்தது. பில் 280 யூரோ. வாசலில் ஒரு ஆள் நின்றான், அவன் தோள் அகலம் கதவகலம். இருந்த 120ஐக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கப்பக்காரன் | மே 18, இரவு 11:15

தம்பி, அது துறைமுகம் உள்ள எல்லா ஊரிலும் உள்ள பழைய தூண்டில். முதல் கப்பலில் ஏறும்போதே சீஃப் எஞ்சினியர் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம்: கரையில் தானாக வந்து சிநேகம் பிடிப்பவனோடு உட்காராதே. நானே வேறொரு ஊரில் மாட்டியிருக்கிறேன், அதனால் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் அம்மாவோடு போகிற பெண்ணிடம் அந்த ஆள் வரமாட்டான்.

கடல் தெரியாது என்பது சரிதான். பழைய காலத்திலேயே ஊர் உள்ளே தள்ளி, துறைமுகம் வெளியே. இரண்டுக்கும் நடுவே ஏழெட்டுக் கிலோமீட்டர். அந்த வழியைக் காக்க இருபுறமும் நீளமாக மதில் கட்டியிருந்தார்கள். இப்போது அந்த வழியில் மெட்ரோ ஓடுகிறது. பச்சை வண்டி, முதல் லைன், 1869இல் நீராவி ரயிலாகத் தொடங்கியது. 1.20 யூரோ சீட்டு, 90 நிமிடத்துக்குள் மெட்ரோ, டிராம், பஸ் எதில் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். சீட்டு எடுத்துப் போனால் கடல் தெரியும்.

வலசை | மே 18, இரவு 11:31

கிறுக்கல் உண்மை, நடைபாதை மோட்டார் சைக்கிளும் உண்மை. இரண்டையும் நானும் தினமும் திட்டுகிறேன். ஓமோனியாவைச் சுற்றி இரவில் நானும் தவிர்ப்பேன். ஆனால் ப்ளாகா, கூகாகி, திசியோ, பெத்ராலோனா, பங்ராத்தி இந்தப் பக்கமெல்லாம் நள்ளிரவு ஒரு மணிக்குத் தனியாக நடந்து வீட்டுக்கு வருகிறேன். தெருவில் ஆள் இருப்பதுதான் பாதுகாப்பு, இங்கே ஒரு மணிக்கும் ஆள் இருக்கும். பிக்பாக்கெட் மட்டும் கவனம். பச்சை லைனிலும் மோனாஸ்திராகி ஸ்டேஷனிலும் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கையில் கயிறு கட்டிவிட்டுக் காசு கேட்பவர்களும் அங்கேதான். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்தால் போதும்.

சூரிச் அண்ணை | மே 19, காலை 7:20

காலை வணக்கம். நாங்கள் போன வருசம் பிள்ளைகளோடும் மாமியோடும் போய் வந்தோம். மாமி மரக்கறி மட்டும், அதனால் சாப்பாட்டு விசயம் நான் எழுதுகிறேன்.

தங்கச்சி பயப்பட வேண்டாம். இறைச்சிச் சாப்பாட்டுக்காரர் என்று நினைப்போம், ஆனால் அந்தச் சனம் மதவிரதத்துக்கு வருடத்தில் கன நாள் இறைச்சி, பால், முட்டை எல்லாவற்றையும் விடுகிறவர்கள். அந்தச் சாப்பாட்டுக்கு 'நிஸ்தீசிமோ' என்று பெயர். இந்த ஒரு சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு போங்கள். வெஜிடேரியன் என்று கேட்டால் ஃபெட்டா சீஸ் போட்ட சலாதுவைக் காட்டுவார்கள். நிஸ்தீசிமோ என்று கேட்டால் சமையல்காரர் வெளியே வந்து முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். ஒன்று மட்டும் கவனம், விரதச் சாப்பாட்டில் இறாலும் கணவாயும் சேர்த்தி. "கடல் சாமானும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

லதேரா என்று ஒரு வகை. ஒலிவ் எண்ணெயில் மரக்கறியைத் தக்காளியோடு அவிய விட்டது. போஞ்சியில் (பீன்ஸ்) செய்வார்கள், பெரிய வெள்ளை அவரையில் செய்வார்கள், வெண்டிக்காயிலும் செய்வார்கள். தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளே சோறு அடைத்த யெமிஸ்தா கேட்டால் 'ஓர்ஃபனா' என்று சேருங்கள். அநாதை என்று அர்த்தம், உள்ளே இறைச்சி இல்லாத படியால்! திராட்சை இலையில் சுற்றியது வேண்டுமென்றால் 'யலாஞ்சி' என்று கேளுங்கள். கீரை அடைத்த 'பை' (pie) பலகாரத்திலும் சுரைக்காய் வடை மாதிரி ஒன்றிலும் முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டுச் சாப்பிடுங்கள். தராமோசலாத்தா பார்க்க வடிவான ரோஸ் நிறம், ஆனால் மீன் முட்டை.

ஃபாவா என்று ஒன்று வரும். சொல்லமாட்டேன், அம்மாவே கண்டுபிடிக்கட்டும்.

தேனிக்காரி | மே 19, மாலை 6:48

இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. அம்மாவிடம் போனில் "ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு" என்றேன். "பத்து மணிக்கா? கல்யாண வீட்டுக்கா போறோம்?" என்று கேட்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறுக்கு? முழங்காலை நினைத்துச் சொல்லுங்கள். லிகபெட்டஸ் குன்றா, ஃபிலோபாப்பு குன்றா என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

முரட்டுப்பயணி | மே 19, இரவு 8:05

லிகபெட்டஸ். 277 மீட்டர். ஊரிலேயே நல்ல காட்சி அதுதான், இதை நானே ஒத்துக்கொள்கிறேன். கேபிள் ரயில் இருக்கிறது.

வலசை | மே 19, இரவு 8:30

ரயில் குகைக்குள்ளேயே போகும், வழியில் ஒன்றும் தெரியாது. ரயிலிலிருந்து இறங்கியதும் உச்சிக் கோயிலுக்குப் படி இருக்கிறது, இறங்கும்போது அதே படி. அஸ்தமன நேரத்துக் கூட்டத்தில் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்காது. ஃபிலோபாப்பு எனக்குப் பிடித்தது. பைன் மரங்களுக்கு நடுவே ஏறினால் ஒருபுறம் பார்த்தீனன் கண்ணுக்கு நேராக, மறுபுறம் பிரேயஸ் கடலும் நங்கூரம் போட்ட கப்பல்களும். இலவசம். ஆனால் பாதை வழுக்குக் கல். அரயோபாகஸ் பாறை அதைவிட மோசம். நூற்றாண்டுக் கணக்கில் மிதித்து மிதித்து எண்ணெய் தடவியது போல் இருக்கும், வாரம் ஒருவர் விழுவதைப் பார்க்கிறேன். அம்மாவோடு மூன்றுமே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் இரவு பத்து வரை திறந்திருக்கும். எட்டு மணிக்கு உள்ளே போங்கள். லிஃப்ட் இருக்கிறது, ஏசி இருக்கிறது, பகல் கூட்டம் போயிருக்கும். தலையில் கூரையைத் தாங்கி நிற்கும் பெண் சிலைகளில் ஐந்து இங்கே, ஆறாவது லண்டனில். அதற்கான இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார்கள். மேல் மாடி முழுக்கக் கண்ணாடி. உள்ளே சிற்பத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினால் வெளியே அது இருந்த கோயில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும். குன்று ஏறாமலேயே குன்று ஏறின கணக்கு.

கப்பக்காரன் | மே 19, இரவு 9:10

சனிக்கிழமை சினிமா! திறந்தவெளி சினிமா. இதை ஒருவரும் சொல்லவில்லையே. நம்ம பக்கம் டூரிங் டாக்கீஸ் எப்பவோ போய்விட்டது, ஏதென்ஸில் இன்னும் கோடை வந்தால் எத்தனையோ இடத்தில் மொட்டைமாடியிலும் தோட்டத்திலும் திரை கட்டிப் படம் ஓட்டுகிறார்கள். திசியோ சினிமா 1935இலிருந்து இருக்கிறது. நடைபாதையை ஒட்டியே இருப்பதால் அம்மா ஏற வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் திரைக்குப் பக்கத்தில் பார்த்தீனன். படத்தை அதன் சொந்த மொழியிலேயே போட்டு, அடியில் கிரேக்க எழுத்து ஓட்டுவார்கள். இருட்டினால்தான் படம் தெரியும் என்பதால் முதல் காட்சி ஒன்பது மணி வாக்கில். இரண்டாவது காட்சியில் அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்காகச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள், அதனால் முதல் காட்சிக்கே போங்கள்.

குடிக்காதவர்களுக்கு இது தொடர்பில்லாத பேச்சு, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிரேயஸில் ஒரு ராத்திரி ஃபோர்மேன் என்னை ரெபெத்திகோ பாட்டுக் கேட்கக் கூட்டிப் போனார். 1922இல் ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கிப் பக்கம்) அகதியாக வந்தவர்கள் துறைமுகக் குடிசைகளில் வளர்த்த பாட்டு அது. இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நாங்கள் போனபோது பதினொன்றரை மணி, பாடுகிறவர்கள் அப்போதுதான் புசூக்கியைச் சுருதி கூட்டினார்கள். நடுவில் ஒரு கிழவர் எழுந்தார். கை இரண்டையும் விரித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, தனியாக ஆடினார். அந்த ஆட்டத்துக்கு ஸெய்பேகிகோ என்று பெயர். தள்ளாடுவது போலிருக்கும், விழமாட்டார். அவர் மகன் வயதுள்ளவர்கள் சுற்றி முட்டிபோட்டு உட்கார்ந்து தாளம் தட்டினார்கள். நானும் எழப் போனேன். ஃபோர்மேன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "அது அவருடைய பாட்டு" என்றார். ஒருவர் ஆடும்போது இன்னொருவர் உள்ளே புகுந்தால் பழைய நாளில் கத்திக்குத்தே நடக்குமாம்.

அங்கே பைன் பிசின் வாசனையோடு ரெத்சீனா என்று ஒரு வைன் தருவார்கள். சங்கப் பாட்டில் யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறல் என்று வருமே, பள்ளிக்கூடத்தில் படித்தபோது தமிழய்யா சப்புக்கொட்டிச் சொன்னார். ஒரு வாய் குடித்தேன். டர்பென்டைன். அந்தக் காலத்து மதுரைக்கு வேறு சரக்கு போயிருக்கும் என்று நம்புகிறேன்.

சூரிச் அண்ணை | மே 19, இரவு 9:55

கப்பக்காரன் தம்பி, கதை சொல்ல விட்டால் உங்களை நிப்பாட்ட ஏலாது!

ஞாயிறு பின்னேரம் கடல் பக்கம் போங்கள். சின்டாக்மாவில் டிராம் ஏறி, பிக்ரோதாஃப்னியில் மாறினால் கரையோரமாகவே கிளிஃபாதா, வூலா வரை போகும். நேரம் எடுக்கும். ஆனால் ஜன்னல் பக்கம் இருந்தால் பயணமே பொழுதுபோக்கு. எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது ஸ்தாவ்ரோஸ் நியார்கோஸ் பண்பாட்டு மையம். ரென்சோ பியானோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. தேசிய நூலகமும் ஓபராவும் உள்ளே, மேலே சரிவாகப் பூங்கா, கீழே 400 மீட்டர் நீளத்துக்குக் கடல் தண்ணீர் வாய்க்கால். இருட்டினால் நீரூற்று பாட்டுக்கு ஆடும். காசு இல்லை. மாமி லிஃப்டில் உச்சிக்குப் போய், ஒரு பக்கம் கடலையும் மற்றப் பக்கம் ஊரையும் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பவில்லை.

வலசை | மே 19, இரவு 10:20

இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். சூனியோன் முனையில் பொசைடன் கோயில் அஸ்தமனம் பார்க்க யாராவது சொல்வார்கள். அழகுதான், ஆனால் 70 கிலோமீட்டர், திரும்பி வரும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். ஹெரோடஸ் அட்டிகஸ் கல் அரங்கில் நிகழ்ச்சி பார்க்க ஆசையாக இருக்கும், அதைப் பராமரிப்புக்காக மூடுவதாக அறிவித்திருக்கிறார்கள்.

இனிப்புக்கு ஒன்று. அயோலு தெருவில் 1923இலிருந்து இருக்கும் கிரீனோஸ் கடையில் லூகுமாதெஸ். மாவு உருண்டையைப் பொரித்துத் தேனும் பட்டைத்தூளும் போட்டுத் தருவார்கள். முட்டை பற்றிக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்கடையில் அரை லிட்டர் தண்ணீர் அரை யூரோ வாக்கில்தான் இருக்கும், ரொம்ப அதிகம் கேட்டால் அடுத்த கடை. உணவகத்தில் கேட்காமலேயே ரொட்டி வரும், பில்லில் அதற்கு ஒன்றிரண்டு யூரோ இருக்கும், அது வழக்கம். ஆனால் ரசீது தராவிட்டால் நீங்கள் பணம் தர வேண்டியதில்லை என்று மெனு அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். முரட்டுப்பயணிக்கு அன்று இது தெரிந்திருந்தால்...

முரட்டுப்பயணி | மே 19, இரவு 10:24

கதவகலத் தோளிடம் மெனு அட்டையை நீட்டச் சொல்கிறீர்களா?

தேனிக்காரி | ஜூன் 27, இரவு 10:50

போய் வந்துவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

முதல் நாள் வலசை அக்கா சொன்ன தெருவில் நடந்தோம். பாதித் தூரத்திலேயே அம்மா திண்டில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றேகால் மணி நேரம். நான் கிழக்கே பார்க்கச் சொன்னேன், மலை கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. அம்மா, "எங்க வீட்டு மாடில நின்னா மேற்குமலை இப்படித்தான் ஆகும், நீதான் மொபைலையே பாத்துட்டு இருப்ப" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அருங்காட்சியகத்தில் சிலைகளைவிட அந்தக் காலி இடத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். "ஊரிலும் இப்படித்தான், சாமி லண்டன்ல இருக்கும், பீடம் மட்டும் இங்க இருக்கும்" என்றார். பக்கத்திலிருந்த காவலர் பெண்மணி, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் அவர் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சினிமாதான் கூத்து. படம் இத்தாலிய மொழியில், அடியில் கிரேக்கம். இரண்டும் எங்களுக்குத் தெரியாது. சுவரோரம் மல்லிக்கொடி. அம்மா ஒரு பூவைப் பறித்து முகர்ந்து, "மல்லி இல்லடி, பிச்சி" என்றார். பிறகு படம் முடியும்வரை மடியில் பூக்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் பார்த்தால் நான் வாங்கி வந்த தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளைக் கிழித்துத் திரித்து நாராக்கி, ஒரு முழம் கட்டி முடித்திருந்தார். முன் வரிசையிலிருந்த சிறுமி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையில் அதை வைத்துவிட்டார். சிறுமியின் அம்மா எங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். படத்தில் யார் யாரைக் கல்யாணம் செய்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஞாயிறு கடலுக்குப் போகவில்லை. மன்னிக்கவும் சூரிச் அண்ணா. டிராம் நிறுத்தத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் அம்மா, "நேத்துப் போன பக்கமே போவோம்" என்றார். திசியோவிலிருந்து பெத்ராலோனா பக்கம் நடந்து, ஒரு சந்தில் உட்கார்ந்தோம். மணி ஒன்பதே முக்கால். நிஸ்தீசிமோ என்றேன். நீங்கள் எழுதியது போலவே சமையல்காரர் வெளியே வந்தார். ஃபாவா வந்தது. மஞ்சளாக, மேலே பச்சை வெங்காயமும் எண்ணெயும். அம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "அட, பருப்புக் கடையல்! தாளிக்க மறந்துட்டாங்க." பையிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்தார். நார்த்தங்காய் ஊறுகாய். ஊரிலிருந்து எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார். சமையல்காரருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார், உள்ளே போய் ஒரு தட்டில் தர்பூசணி வெட்டிக்கொண்டு வந்து வைத்தார், பில்லில் அதைப் போடவில்லை. நாங்கள் எழுந்தபோது பன்னிரண்டு ஐந்து.

வலசை | ஜூன் 27, இரவு 11:08

அந்தத் தர்பூசணிக்கு 'கேரஸ்மா' என்று பெயர். வீட்டு உபயம். ஊறுகாய்க்கு அது சரியான பதில்தான். என் வீடு பெத்ராலோனாவில்தான் இருக்கிறது, எந்தக் கடை?

சூரிச் அண்ணை | ஜூன் 28, காலை 6:50

கடல் எங்கேயும் ஓடாது தங்கச்சி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஆனால் கடையின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள், ஒக்டோபரில் மாமியோடு திரும்பப் போகிறோம்.

தேனிக்காரி | ஜூன் 28, மதியம் 1:15

போர்டு முழுக்கக் கிரேக்க எழுத்து, படம் எடுக்கத் தோன்றவில்லை, ரசீதை அம்மா பூவோடு சுருட்டி எங்கோ வைத்துவிட்டார். அவரிடம் போனில் கேட்டேன். அவர் சொன்ன அடையாளம் இதுதான்: ஸ்டேஷனில் இறங்கி இடது பக்கம், சர்ச் தாண்டி, பெட்டிக்கடை உள்ள முக்கில் திரும்பினால் நீல நாற்காலி போட்டிருக்கும். மூன்று காலில் நொண்டுகிற சாம்பல் பூனை ஒன்று மேஜைக்கடியில் வரும். அது வந்தால் அந்தக் கடைதான்.